25 வயது மகனின் மருத்துவ பில்லைப் பெற்றோர் கட்டினால் வரியில் என்ன ஆகும்? (அமெரிக்கா, 2025 வரி ஆண்டு)

அடைமழை | 14 டிசம்பர் 2025

எண்களை எல்லாம் முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். அரைகுறையாகக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும்.

நானும் மனைவியும் ஜாயின்ட் ரிட்டர்ன் போடுகிறோம். ஏஜிஐ (சில கழிவுகள் போக, வரிக்கணக்குக்கான மொத்த வருமானம்) 160,000 டாலர். மகனுக்கு 25 வயது, அமெரிக்கக் குடிமகன், படிப்பு முடிந்துவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறான். பகுதி நேர வேலை, இந்த வருட டபிள்யூ-2 சம்பளம் 14,000. என் அலுவலகத்தின் ஹை டிடக்டிபிள் (முதல் பெரிய தொகையை நாமே ஏற்கும்) குடும்ப இன்சூரன்ஸில் அவனும் உண்டு. 2026 ஜூனில் 26 முடிகிறது.

அக்டோபரில் விபத்து. தாடை அறுவை, மூன்று பல் இம்ப்ளாண்ட். இன்சூரன்ஸ் கொடுத்தது போக எங்கள் பங்கு 27,400. அதில்,

9,400: ஆஸ்பத்திரிக்கு என் கிரெடிட் கார்டில் நேராகக் கட்டியது.
6,000: மகனுக்கு ஸெல் என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் செயலியில் அனுப்பினேன், அவன் தன் டெபிட் கார்டில் சர்ஜன் ஆபீசுக்குக் கட்டினான்.
3,000: என் எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) கார்டில் சர்ஜன் ஆபீசுக்கு.
9,000: பாக்கி. ஜனவரியிலிருந்து மாதம் 750 வீதம் 12 தவணை கட்டலாம் என்கிறார்கள். இதில் 2,400 மார்ச்சில் வைக்கப்போகும் பல் கேப்களுக்கு, மீதி 6,600 முடிந்த வேலைக்கு.

எங்கள் இருவரின் மருத்துவச் செலவு இந்த வருடம் 2,100. மாநில வரியும் சொத்து வரியும் சேர்த்து 14,000, வீட்டுக் கடன் வட்டி 11,000, நன்கொடை 2,500. மார்ச்சில் மகன் கார் வாங்க என் கணக்கிலிருந்து 15,000 கொடுத்தேன்.

அவன் வருமானம் 5,200-ஐத் தாண்டிவிட்டதால் டிபெண்டன்ட் (வரியில் எங்களைச் சார்ந்தவன்) கிடையாது என்று தெரியும். அதனால் மருத்துவக் கழிவும் கிடையாதா? எச்எஸ்ஏவில் எடுத்தது தப்பா? கிஃப்ட் டாக்ஸ் ஃபார்ம் போட வேண்டுமா? மனைவியின் அலுவலகத்தில் 2026-க்கான எஃப்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கு வரிக்கு முன் சம்பளத்தில் பிடிக்கும் கணக்கு) தேர்வு 19-ம் தேதி வரை திறந்திருக்கிறது, அதையும் எடுக்கலாமா?

---

கணக்கர்மணி | 14 டிசம்பர்

சார், முதலில் ஒரு விஷயம். "பிள்ளை" என்றால் யார் என்பதற்கு வரிச் சட்டத்தில் ஒரே விளக்கம் கிடையாது. மருத்துவக் கழிவுக்கும் எச்எஸ்ஏவுக்கும் ஒன்று, எஃப்எஸ்ஏவுக்கு வேறொன்று, கிஃப்ட் டாக்ஸுக்கு வயதோ உறவோ பொருட்டே இல்லை. ஒன்றில் இல்லை என்றதும் எல்லாவற்றிலும் இல்லை என்று முடிவு கட்டுவதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். உங்கள் கேள்வியிலும் அதுதான் நடந்திருக்கிறது.

மருத்துவக் கழிவை மட்டும் நான் சொல்கிறேன். ஷெட்யூல் ஏ என்ற கழிவுப் படிவத்தில் மருத்துவச் செலவு காட்டும்போது, வருமான வரம்புச் சோதனையை, அதாவது அந்த 5,200 கணக்கை, ஒதுக்கிவைக்கச் சட்டமே சொல்கிறது. பிள்ளை கல்யாணமாகி ஜாயின்ட் ரிட்டர்ன் போட்டிருந்தாலும் இதற்குத் தடையில்லை. மிச்சமிருப்பவை இரண்டே: அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றில் ஒன்றில் ரெசிடென்டாகவோ இருக்க வேண்டும், அவருடைய அந்த வருட வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் தாங்கியிருக்க வேண்டும். பிள்ளை உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. டிபெண்டன்ட்டுக்கான 500 டாலர் கிரெடிட் (வரித் தள்ளுபடி) உங்களுக்குக் கிடைக்காது, அது உண்மை. மருத்துவக் கழிவு அதனால் போகாது.

பாதிக்கு மேல் என்பதை வாயால் சொன்னால் போதாது, தாளில் போட வேண்டும். ஐஆர்எஸ் (வரித்துறை) பப்ளிகேஷன் 501-ல் வொர்க்‌ஷீட் 2 இதற்கென்றே இருக்கிறது. உங்கள் விஷயத்தில்: அவன் அறைக்கு வெளியில் வாடகைக்கு விட்டால் கிடைக்கும் தொகையை எடுங்கள். வீட்டுக் கடன் தவணையில் மூன்றில் ஒரு பங்கு என்று போடக் கூடாது, சந்தை வாடகைதான் கணக்கு. மாதம் 800 என்றால் 9,600. சாப்பாட்டுச் செலவை ஆள்கணக்கில் பிரித்து அவன் பங்கு 4,800 என்று வைப்போம். அவன் பில்லுக்கு நீங்கள் நேராகக் கட்டியது 9,400 + 3,000. மொத்தம் உங்கள் பக்கம் 26,800.

அவன் பக்கம், சம்பளம் 14,000 முழுவதும் வராது. தனக்காக அவன் செலவழித்தது மட்டும்தான் வரும். வங்கியில் சேர்த்துவைத்தது வராது. 9,000 செலவு என்று கொள்வோம். அந்த ஸெல் 6,000-ஐயும் பாதகமாகவே, அவன் பக்கமே போடுங்கள்: 15,000. மொத்தம் 41,800-ல் உங்கள் பங்கு 64%. தாராளமாகத் தேறும். இன்சூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த தொகை எந்தப் பக்கமும் வராது.

அவன் உங்களுக்கு வாடகை என்று ஏதாவது கொடுத்தால் அது உங்கள் பங்கிலிருந்து கழிந்து அவன் பக்கம் ஏறும். இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இப்போது கழிவு உண்மையில் எவ்வளவு தேறும் என்று பார்ப்போம். ஏஜிஐயில் 7.5%, உங்களுக்கு 12,000, முதலில் கழிந்துவிடும். அதற்கு மேலே உள்ளதுதான் கழிவு. அதன் பிறகும் ஐட்டமைஸ் செய்த (கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டிய) மொத்தம், எல்லோருக்கும் பொதுவான ஸ்டாண்டர்ட் டிடக்ஷனைத் தாண்ட வேண்டும். 2025-க்கு ஜாயின்ட் ரிட்டர்னுக்கு 31,500. மருத்துவம் தவிர உங்களிடம் இருப்பது 27,500.

இன்றைய நிலவரம்: எச்எஸ்ஏவில் போன 3,000-ஐ இங்கே காட்ட முடியாது, ஒரே செலவுக்கு இரண்டு சலுகை கிடையாது. ஸெல்லில் போனதை விட்டுவிட்டால் 9,400 + 2,100 = 11,500. 12,000-க்குக் கீழே. கழிவு பூஜ்யம்.

பாக்கியில் முடிந்த வேலைக்கான 6,600-ஐ டிசம்பர் 31-க்குள் கட்டினால்: 18,100 − 12,000 = 6,100. அத்துடன் 27,500 சேர்த்தால் 33,600. ஸ்டாண்டர்டைவிட 2,100 கூடுதல். நீங்கள் 22% படியில் இருப்பீர்கள், ஆகவே மிச்சம் 462 டாலர்.

அந்த ஸெல் 6,000-ஐயும் உங்கள் கட்டணமாக மாற்ற முடிந்தால் மருத்துவக் கழிவு 12,100, மொத்தம் 39,600, மிச்சம் 1,782 டாலர்.

அதே 9,000-ஐ 2026-ல் 12 தவணையாகக் கட்டினால்? அடுத்த வருடமும் 7.5% புதிதாகத் தொடங்கும். வேறு பெரிய மருத்துவச் செலவு இல்லையென்றால் ஒரு சதமும் தேறாது. வட்டியில்லாத் தவணை என்பது கேட்க நன்றாக இருக்கும், வரிக்கணக்கில் அது உங்களுக்கு நஷ்டம்.

தேதி விஷயம் கவனம். கிரெடிட் கார்டில் தேய்த்தால் தேய்த்த தேதிதான் கணக்கு. கார்டு பில்லை ஜனவரியில் கட்டினாலும் 2025 செலவுதான். செக் எழுதித் தபாலில் போட்டால் போட்ட நாள். ஆனால் வங்கியின் ஆன்லைன் பில் பே வழியாக அனுப்பினால் ஸ்டேட்மென்ட்டில் எந்தத் தேதியில் கட்டியதாக வருகிறதோ அதுதான். டிசம்பர் 30 அன்று பட்டனை அழுத்தி ஜனவரி 2 என்று பதிவானால் 2026-க்குப் போய்விடும்.

கேப்களுக்கான 2,400-ஐ இப்போது கட்ட வேண்டாம். வருட முடிவைத் தாண்டி வெகுவாகத் தள்ளி நடக்கப்போகும் சிகிச்சைக்கு முன்பணம் கொடுத்தால் அதை இந்த வருடக் கழிவில் பொதுவாகச் சேர்க்க முடியாது. சர்ஜன் ஆபீசில் கேட்டு முடிந்த வேலைக்கு ஒரு ஸ்டேட்மென்ட், வரப்போகும் வேலைக்கு ஒரு ஸ்டேட்மென்ட் என்று பிரித்து வாங்குங்கள். ஒரே வரியில் "பாக்கி 9,000" என்று இருக்கும் தாள் பின்னால் உதவாது.

சாஃப்ட்வேரில் டிபெண்டன்ட் பக்கத்தில் மகன் பெயர் வராது. பதற வேண்டாம். ஷெட்யூல் ஏயின் முதல் வரித் தொகையில் சேர்த்துப் போடுவதுதான், பெயர் கேட்காது. மகன் தன் ரிட்டர்னில் "வேறொருவர் என்னை டிபெண்டன்ட்டாகக் காட்ட முடியும்" என்ற கட்டத்தில் டிக் போடக் கூடாது. வருமானச் சோதனையில் அவன் தவறிவிட்டதால் அது உண்மையில்லை.

ஆஸ்பத்திரிக்குக் காரில் போய்வந்தது 2025-க்கு மைலுக்கு 21 சென்ட், பார்க்கிங், டோல் எல்லாம் சேரும். நாள்குறிப்பு இருந்தால் எழுதிவையுங்கள்.

---

வடக்குவாசல் | 15 டிசம்பர்

கணக்கர்மணி சொன்னதில் மாற்றுக் கருத்தில்லை. கிஃப்ட் டாக்ஸ் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் ஸெல் 6,000 இரண்டு இடத்தில் கடிக்கிறது.

வரிச் சட்டத்தின் பிரிவு 2503(இ) என்ன சொல்கிறதென்றால், இன்னொருவருடைய மருத்துவச் செலவை நீங்கள் மருத்துவமனைக்கோ டாக்டருக்கோ நேரடியாகக் கட்டினால் அது கிஃப்ட்டே இல்லை. தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. மகனாகவும் இருக்கலாம், மருமகளாகவும் இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். மருத்துவ இன்சூரன்ஸ் பிரீமியத்தை நேராக இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டினாலும் இதே சலுகை. உங்கள் 9,400-ம் 3,000-ம் இதில் அடங்கும். ஃபார்ம் எதுவும் வேண்டாம்.

ஆனால் பணம் முதலில் பிள்ளை கைக்குப் போய், பிள்ளை கட்டினால் இந்தச் சலுகை போயிற்று. மறுநிமிடமே கட்டியிருந்தாலும் போயிற்றுதான். அது சாதாரண கிஃப்ட். 2025-ல் ஒருவர் ஒருவருக்கு 19,000 வரை ஃபார்ம் இல்லாமல் கொடுக்கலாம். நீங்கள் மார்ச்சில் 15,000 கொடுத்தீர்கள். இந்த 6,000 சேர்ந்தால் 21,000. இரண்டும் உங்கள் ஒருவர் கணக்கிலிருந்து போயிருந்தால் 2,000 மிகை; கிஃப்ட் டாக்ஸ் ஃபார்ம் 709 போட வேண்டும். வரி கட்டவேண்டி வராது, 13.99 மில்லியன் வாழ்நாள் விலக்கில் 2,000 குறையும், அவ்வளவே. மனைவியோடு பாதிப்பாதியாகப் பிரித்துக் காட்டலாம், ஆனால் அப்படிப் பிரிக்கவும் அதே ஃபார்ம்தான் வேண்டும். கலிஃபோர்னியா, டெக்சஸ் போன்ற கம்யூனிட்டி பிராப்பர்ட்டி (கணவன் மனைவி சம்பாத்தியம் பொதுச் சொத்தாகும்) மாநிலமாக இருந்து அது சம்பளப் பணமாக இருந்தால், கொடுத்ததில் பாதி மனைவியுடையது என்றே ஆகும்; அப்போது தொந்தரவில்லை.

வருமான வரிப் பக்கம்: மருத்துவக் கழிவுக்கு "நீங்கள் கட்டிய" செலவாக இருக்க வேண்டும். ரசீதில் மகன் கார்டு இருக்கிறது. அதே நாள், அதே தொகை, ஸெல் குறிப்பில் பில் எண் எல்லாம் இருந்தால் அவன் வெறும் கைமாற்றி என்று வாதாடலாம். நான் அதை நம்பி ரிட்டர்ன் போடச் சொல்ல மாட்டேன், செலவில்லாத சுத்தமான வழி இருக்கும்போது.

வழி இதுதான். வருடம் முடியுமுன் சர்ஜன் ஆபீசின் பில்லிங் மேசையைக் கூப்பிடுங்கள். மகன் டெபிட் கார்டில் கட்டிய 6,000-ஐ அதே கார்டுக்குத் திருப்பிவிட்டு, அந்தப் பாக்கியை உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகன் 6,000-ஐ உங்களுக்குத் திருப்பி அனுப்பட்டும். எல்லா ஆபீசும் செய்யாது, கேட்டால் செய்கிற இடங்கள் உண்டு. முதலில் உங்கள் கட்டணம் ஏறட்டும், பிறகு அவனுடையது திரும்பட்டும் என்றால் அவர்களுக்கும் பயமில்லை. கார்டுக்கு 3% கூடுதல் கேட்டால் செக் கொடுங்கள். இது நடந்துவிட்டால் 1,782 கணக்கும் கைகூடும், மகனுக்குக் கொடுத்த கிஃப்ட் 15,000-ல் நின்று 709-ம் தேவைப்படாது.

இன்னொன்று. பிள்ளைக்குச் சொந்தமாக நல்ல வருமானம் இருந்து, உங்கள் ஆதரவுக் கணக்கு பாதிக்குக் கீழே போகும் குடும்பங்களுக்கு இது: நீங்கள் நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டினால் உங்களுக்குக் கழிவு இல்லை. ஆனால் பிள்ளை தன் ஷெட்யூல் ஏயில் காட்டலாம் என்று 2010-ல் டாக்ஸ் கோர்ட் லாங் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அம்மா மகளுக்குப் பணம் கொடுத்து மகள் கட்டியதாகவே அதைப் பார்க்க வேண்டும் என்றது கோர்ட். 14,000 சம்பளத்துக்கு வரியே வராது என்பதால் உங்கள் மகனுக்கு இது உதவாது. ஐட்டமைஸ் செய்யும் பிள்ளைகளுக்கு உதவும்.

விபத்து என்றீர்கள். எதிர்த் தரப்பு இன்சூரன்ஸிலிருந்து பின்னால் ஈட்டுத்தொகை வருமா? மருத்துவச் செலவுக்கென்று பணம் திரும்ப வந்தால், வந்த அளவுக்கு 2503(இ) சலுகை பின்வாங்கும். கழிவால் நீங்கள் பயனடைந்த அளவுக்கு வந்த வருடத்தில் வருமானமாகவும் காட்ட வேண்டி வரும். சமரசத் தாளில் எது மருத்துவச் செலவுக்கு, யார் கட்டியதற்கு என்று எழுதி வாங்குங்கள்.

---

நீலாம்பல் | 15 டிசம்பர்

எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

பெரும்பாலோர் நினைப்பது: இன்சூரன்ஸில் 26 வரை இருக்கிறான், எனவே எச்எஸ்ஏ கார்டையும் 26 வரை தேய்க்கலாம். தவறு. இன்சூரன்ஸின் 26 வேறு, எச்எஸ்ஏவின் டிபெண்டன்ட் வேறு. எச்எஸ்ஏவில் வயது வரம்பு என்பதே இல்லை. மருத்துவக் கழிவைப் போலவே வருமானச் சோதனையை விட்டுவிட்டு, பாதிக்கு மேல் ஆதரவு இருக்கிறதா என்று பார்க்கும். கணக்கர்மணி போட்ட 64% நிற்கும் வரை உங்கள் 3,000 சுத்தமான எடுப்புதான். எச்எஸ்ஏவுக்கான ஃபார்ம் 8889-ல் தகுதியுள்ள செலவாகக் காட்டுங்கள்.

அந்தக் கணக்கு தவறியிருந்தால்? 3,000 வருமானமாகும். 22% வரி 660, மேலே 20% அபராதம் 600, ஆக 1,260 டாலர் போகும். இதைப் படிக்கும் மற்றவர்கள், பிள்ளை தனியாக வீடு எடுத்துச் சொந்தக் காலில் நிற்பவர் என்றால், உங்கள் எச்எஸ்ஏ கார்டை அவரிடம் கொடுத்துவைக்காதீர்கள். தவறிப் போய் எடுத்துவிட்டால் இரண்டு வழி உண்டு. எடுத்தது நியாயமான காரணத்தால் நேர்ந்த பிழை என்றால், தெரியவந்த வருடத்துக்கு அடுத்த ஏப்ரல் 15-க்குள் திருப்பிக் கட்டலாம், கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் ஏற்றுக்கொண்டால். ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அல்லது, எச்எஸ்ஏ தொடங்கிய பிறகு உங்கள் கைக்காசில் கட்டிய உங்கள் சொந்த பில்களை அந்த எடுப்புக்கு ஈடாக வைக்கலாம். அப்படி வைத்த பில்லை ஷெட்யூல் ஏயில் மறுபடி காட்டக் கூடாது.

இப்போது பலரும் கவனிக்காத ஒரு வாய்ப்பு. உங்கள் மகனை எவரும் டிபெண்டன்ட்டாகக் காட்ட முடியாது, அவன் குடும்ப ஹை டிடக்டிபிள் பிளானில் இருக்கிறான். எனவே அவன் பெயரிலேயே தனியாக ஒரு எச்எஸ்ஏ திறக்கலாம். அதுவும் குடும்ப வரம்பு முழுவதும், 2025-க்கு 8,550. உங்கள் வரம்பிலிருந்து கழியாது. யார் வேண்டுமானாலும் அதில் பணம் போடலாம், நீங்கள் போட்டால் அவனுக்குக் கொடுத்த கிஃப்ட் என்ற கணக்கில் வரும். ஆனால் கணக்கு திறந்த நாளுக்குப் பிறகு நடக்கும் சிகிச்சைக்குத்தான் அதிலிருந்து எடுக்கலாம். அக்டோபர் அறுவைக்கு உதவாது. மார்ச் கேப்களுக்கு உதவும். கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் மாநில வரியில் எச்எஸ்ஏ சலுகையை ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எஃப்எஸ்ஏ இன்னும் எளிது. வருட முடிவில் 27 முடியாத பிள்ளை என்றால் போதும். ஆதரவு, வருமானம், ஒரே வீடு, எதுவும் கேட்காது. உங்கள் மகன் 2026 முழுக்கத் தகுதி உள்ளவன்.

அதற்காக உங்கள் மனைவி அவசரமாகச் சாதாரண ஹெல்த் எஃப்எஸ்ஏவை எடுத்துவிடக் கூடாது. அதிலிருந்து உங்கள் செலவுக்கும் பணம் எடுக்க முடியும் என்பதாலேயே நீங்கள் எச்எஸ்ஏவில் பணம் போடும் தகுதியை இழப்பீர்கள். மகனும் இழப்பான். 19-ம் தேதிக்குள் அலுவலகத்தில் கேட்க வேண்டியது "லிமிடெட் பர்ப்பஸ் எஃப்எஸ்ஏ". அது பல், கண் செலவுக்கு மட்டும். எச்எஸ்ஏவோடு சேர்ந்து இருக்கலாம். உங்களுக்கு மார்ச்சில் வருவது பல் செலவு! 2026 வரம்பு 3,400. முழுவதும் எடுக்க வேண்டாம், 2,400-ம் உங்கள் வழக்கமான பல், கண்ணாடிச் செலவும் போதும், மிஞ்சினால் கைவிட்டுப் போகும். சில அலுவலகங்கள் 680 வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக விடும். ஜனவரி முதல் தேதியே முழுத் தொகையும் கிடைக்கும், சம்பளப் பிடித்தம் மெல்ல நடக்கும். ஆகவே மார்ச்சில் பில் வந்ததும் முழுதாக வாங்கலாம். கேப் வைத்த தேதியோடு ரசீது வேண்டும். இதனால்தான் அந்த 2,400-ஐ டிசம்பரில் கட்டாதீர்கள் என்பதை நானும் அழுத்திச் சொல்கிறேன்.

மருத்துவக் கழிவில் 2,400 போய் 7.5%-ல் கரைவதைவிட இது எவ்வளவோ மேல். இங்கே முதல் டாலரிலிருந்தே வரி மிச்சம், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் அந்தத் தொகைக்கு இல்லை.

---

தாமிரக்கரை | 16 டிசம்பர்

வரியைப் பற்றி மூவரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். பில்லைப் பற்றி யாரும் பேசவில்லை. வரிக் கழிவு ஒரு டாலருக்கு 22 சென்ட் தரும். பில்லில் ஒரு டாலர் குறைந்தால் முழு டாலரும் மிச்சம்.

25 வயது மகனின் பில் சட்டப்படி மகனுடையது. லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரி என்றால் வருமானவரிச் சட்டத்தின் 501(ஆர்) பிரிவின்படி அங்கே நிதியுதவிக் கொள்கை எழுத்தில் இருந்தாக வேண்டும். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். அக்டோபர் அறுவை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. ஏற்கெனவே 9,400 கட்டியிருந்தாலும் விண்ணப்பம் தேறினால் மிகையாகக் கட்டியதைத் திருப்பித் தர வேண்டும். உங்கள் வருமானத்தைச் சேர்த்துப் பார்ப்பார்களா, அவன் 14,000 மட்டுமா என்பது அந்தந்த ஆஸ்பத்திரியின் கொள்கையில் இருக்கும். தாளை வாங்கிப் படியுங்கள், "குடும்பம்" என்பதற்கு என்ன விளக்கம் என்று முதலில் பாருங்கள். விண்ணப்பம் மகன் பெயரில், மகன் கையெழுத்தில் போக வேண்டும். தனியார் சர்ஜன் ஆபீசுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே உடனே முழுதாகக் கட்டினால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். எப்படியும் 6,600-ஐ மொத்தமாகக் கட்டப்போகிறீர்கள், தவணை கேட்பவரைவிட உங்கள் பேச்சுக்கு வலு அதிகம்.

பில்லிங் மேசையைக் கூப்பிடுமுன் இன்னொன்று. பதினெட்டு தாண்டிய பிள்ளையின் கணக்கைப் பற்றி உங்களிடம் பேசமாட்டார்கள், ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் ரகசியச் சட்டம். மகன் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு உங்கள் பெயரை எழுதித் தர வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்தில் பாதி ஆபீஸ் காலியாக இருக்கும், நாளைக்கே அனுப்பிவிடுங்கள். அவர்கள் திருப்பி அனுப்பும் தாளில் "கேரன்டர்" என்று ஒரு வரி இருந்தால் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கட்டுவதற்கு அந்தக் கையெழுத்து தேவையில்லை. போட்டால் அந்தக் கடன் உங்களுடையதாகிவிடும்.

---

அடைமழை | 16 டிசம்பர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. சர்ஜன் ஆபீசில் கேட்டேன். 6,600-ஐ 31-க்குள் ஒரே தடவையாகக் கட்டினால் 5% குறைப்பதாகச் சொல்கிறார்கள். பிரித்த ஸ்டேட்மென்ட்டும் தருகிறார்களாம். ஸெல் விஷயத்துக்கு மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். மனைவி அலுவலகத்தில் லிமிடெட் பர்ப்பஸ் இருக்கிறது. ஒரு சந்தேகம்: ஜூனில் மகன் இன்சூரன்ஸிலிருந்து வெளியே வந்தபின் கோப்ரா (அதே இன்சூரன்ஸைச் சொந்தக் காசில் தொடர்வது) பிரீமியத்தை நான் கட்டினால்?

---

வெயில்காலம் | 16 டிசம்பர்

இதே இழையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மகளுக்கு 23 வயது. 21 முடிந்ததும் எச்-4 (பெற்றோரைச் சார்ந்த விசா) போய், 2023 முதல் எஃப்-1 மாணவர் விசாவில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள். முழுச் செலவும் எங்களுடையது. முழுநேர மாணவி, 24-க்குக் கீழ். எங்கள் எச்எஸ்ஏவிலிருந்து அவள் டாக்டர் பில்லைக் கட்டலாம்தானே?

---

நீலாம்பல் | 17 டிசம்பர்

வெயில்காலம், கட்ட வேண்டாம். வயதும் ஆதரவும் சரியாக இருந்தும் ரெசிடென்ட் சோதனையில் தவறும். எஃப்-1 மாணவர்கள் அமெரிக்காவில் இருக்கும் நாட்கள் முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்குக் கணக்கில் சேராது. 2025 முழுக்க எஃப்-1 என்றால் அவளுக்கு இந்த வருடம் கணக்கில் வரும் நாள் பூஜ்யம், ஆகவே வரிக்கு நான்-ரெசிடென்ட். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரை உங்கள் டிபெண்டன்ட் ஆகமாட்டாள். எச்எஸ்ஏவும் ஷெட்யூல் ஏயும் இரண்டுமே கிடையாது. எஃப்எஸ்ஏ மட்டும் தடையில்லை, அங்கே வயதுதான் பார்ப்பார்கள். கிஃப்ட் டாக்ஸில் 2503(இ)-யும் பொருந்தும், கிளினிக்குக்கு நேராகக் கட்டுங்கள். 2025-ல் ஏற்கெனவே எச்எஸ்ஏவில் எடுத்திருந்தால் மேலே சொன்னபடி திருப்பிக் கட்ட முடியுமா என்று கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தை இப்போதே கேளுங்கள்.

---

வடக்குவாசல் | 17 டிசம்பர்

அடைமழை சார், கோப்ரா பிரீமியத்தை நேராகப் பிளான் நிர்வாகிக்கு நீங்கள் கட்டுங்கள். மகன் கணக்குக்கு அனுப்பாதீர்கள். அப்படியென்றால் கிஃப்ட் இல்லை. 2026-லும் பாதிக்கு மேல் ஆதரவு உங்களுடையதாக இருந்தால் அது உங்கள் மருத்துவச் செலவிலும் சேரும். 26 முடிவதால் வரும் கோப்ரா 36 மாதம் வரை நீளும். தேர்ந்தெடுக்க 60 நாள். அதே 60 நாளில் மார்க்கெட்பிளேஸிலும் (அரசு நடத்தும் இன்சூரன்ஸ் சந்தை) சேரலாம், இரண்டு விலையையும் வைத்துப் பாருங்கள். பிறந்தநாளன்றே காப்பீடு நிற்குமா, மாதக் கடைசி வரை ஓடுமா என்பது பிளானுக்குப் பிளான் மாறும், எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5% தள்ளுபடிக்குப் பிறகு கழிவில் 6,600 என்று போடாதீர்கள், கட்டப்போவது 6,270. ரசீதில் நோயாளி பெயர் மகனுடையது, கட்டியவர் பெயர் உங்களுடையது, சிகிச்சைத் தேதி அக்டோபர் என்று மூன்றும் ஒரே தாளில் வந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.